ஈதர் ஊற்றி மீட்ட பெக் வினையூக்கி மூன்றாம் முறை ஏன் சோர்கிறது?

மண்டபம் மாணவி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். பெக்-5000 (பாலிஎதிலீன் கிளைக்கால், நீள் சங்கிலிப் பாலிமர்) நுனியில் வினையூக்கும் அமினோ அமிலமான புரோலினைக் கோத்து, 4-நைட்ரோபென்சால்டிஹைடு, அசிட்டோன் ஆல்டால் வினைக்குப் பயன்படுத்துகிறேன். டிஎம்எஃப் கரைப்பானில் வினை முடிந்ததும் டைஎதில் ஈதர் ஊற்றினால் பெக் வெள்ளையாக இறங்கும். வடிகட்டி மறுபடி போடுவேன். 1 கிராம் போட்டு 1.14 கிராம் வந்தபோது சந்தோஷமாக இருந்தது. இப்போது மூன்றாம் முறை. இரண்டு நாளில் முடிந்த வினை, நான்காம் நாளும் டிஎல்சியில் (மெல்லடுக்குத் தகட்டுச் சோதனை) ஆல்டிஹைடு புள்ளியை அப்படியே காட்டுகிறது. லேபில் ஏசி கிடையாது.

கீழக்கரை அண்ணன்:
தங்கச்சி, கூடுதலாக வந்த 0.14 கிராம் ஈரமும் டிஎம்எஃப்பும்தான். பெக் ஈரம் இழுக்கும். மழைக்காலத்தில் வீட்டு உப்புச் சாடி கசியுமே, அதே கதை. டெசிகேட்டரில் (ஈரம் நீக்கும் மூடிய பாத்திரம்) வெற்றிடம் போட்டு, எடை மாறாமல் நிற்கும்வரை காய வை.

பெரிய சிக்கல் ஈதர். அதன் கொதிநிலை 34.6 டிகிரி, மே மாதம் நம் அறையே அந்தச் சூட்டில் இருக்கும். ஊற்ற ஊற்ற ஆவியாகிவிடும். மிஞ்சும் டிஎம்எஃப் பெக்கை முழுதாக இறங்க விடாது. அதைவிட எனக்குப் பயம் தீ. ஈதர் ஆவி காற்றைவிடக் கனம், மேசையோடு ஊர்ந்துபோய்த் தூரத்து அடுப்பில் பற்றும். தயவுசெய்து ஈதரை விட்டுவிடு.

நான் செய்தது இது. மீன் பெட்டிக்கு வாங்கும் ஐஸை நொறுக்கி மூன்று பங்கு, வாலிநோக்கம் கல்லுப்பு ஒரு பங்கு, தெர்மாகோல் பெட்டியில். டிஎம்எஃப்பை வெற்றிடத்தில் இழுத்துவிட்டு, மிச்சத்தைக் கொஞ்சம் டைக்குளோரோமீத்தேனில் கரை. அப்புறம் ஜில்லென்ற ஐசோபுரோப்பனாலில் கலக்கியபடி சொட்டுச் சொட்டாக விடு. மணல் மாதிரி உதிரியாக இறங்க வேண்டும். பிசினாக ஒட்டினால் அவசரப்பட்டிருக்கிறாய். புனலையும் குளிர வைத்துக்கொள்.

தொண்டி அக்கா:
புரோலினை எதால் கோத்தாய்? எஸ்டர் பிணைப்பு என்றால் ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துவிடும். புரோலின் போன வெறும் பெக் வடிதாளில் நிற்கும், எடையும் சரியாகவே காட்டும். என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) எடுத்துப் பார்.

கீழக்கரை அண்ணன்:
அக்கா சொல்வது சரி. நேரம் இருந்தால் டெக்சாஸில் பெர்க்பிரைட்டர் குழு செய்த பாலிஎதிலீன் வழியையும் படி. சூடான டொலுயீனில் கரையும், ஆறினால் தானே இறங்கும், ஈதரே வேண்டாம். பாலிநிப்பாம் (சூடேறினால் தண்ணீரிலிருந்து பிரியும் பாலிமர்) பக்கம் மட்டும் போகாதே. அது தண்ணீரில் 32 டிகிரியிலேயே பிரிந்துவிடும், நம் ஊரில் வினை தொடங்கும் முன்பே பால் மாதிரி ஆகிவிடும்.

மண்டபம் மாணவி:
பழைய ஈதர் வடிநீரை ஹூட்டுக்குள் ஆவியாகவிட்டுப் பார்த்தேன் அண்ணா. பீக்கர் அடியில் வெள்ளை மெழுகு, 0.2 கிராம். இறங்காமல் போன பெக்தான் போல. பிணைப்பு எஸ்டர்தான் அக்கா. திங்கள்கிழமை என்எம்ஆருக்குக் கொடுக்கிறேன்.