ஸ்பிரிண்டுக்குத் ‘தவணை’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். மென்பொருள் வேலையைக் குறுகிய கெடுக்களாகப் பிரித்துச் செய்யும்போது அப்படி ஒரு கெடுவை ஆங்கிலத்தில் ‘ஸ்பிரிண்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘தவணை’ எனலாம் என்ற என் யோசனைக்கு வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> ‘குறுவோட்டம்’ இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

ஓட்டம் என்றதும் மாணவர்கள் அவசரப்படுகிறார்கள், ஐயா. ஸ்பிரிண்டில் வேகமா முக்கியம்? கெடு நீளக் கூடாது, அவ்வளவுதான். ஸ்பிரிண்டுகளாக வேலை செய்யும் ‘ஸ்க்ரம்’ முறையின் வழிகாட்டி, ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. முடியாத வேலை, இனிச் செய்ய வேண்டியவற்றின் நிலுவைப் பட்டியலுக்குத் திரும்பிவிடும்.

‘சுற்று’ என்றும் சொல்லிப் பார்த்தோம். பெங்களூரில் நான் உதவும் மாணவர்கள், முதலாண்டுப் பொறியியலுக்கு மின்சுற்றுப் பாடம் சொல்லித்தரும் விளையாட்டு ஒன்றைச் செய்கிறார்கள். “இரண்டாம் சுற்றில் சுற்று வேலை செய்யவில்லை” என்று ஒரு பெண் எழுதினாள். பணியின் சுற்றா, ஆட்டத்தின் சுற்றா, மின்சுற்றா? கன்னடத்திலும் ‘சுத்து’ உண்டென்பதால் கன்னடப் பையனும் சேர்ந்து குழம்பினான்.

தவணையில் மொத்தமும் ஒரேயடியாக வராது. ஆனால் குறித்த நாளில் ஒரு பங்கு கைக்கு வந்தாக வேண்டும். இங்கே அந்தப் பங்கு, விளையாடிப் பார்க்கக்கூடிய ஒரு துண்டு. முதல் தவணையில் மின்கலம், பல்பு, சுவிட்ச் மட்டும். முதலாண்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால், ஓம் விதியைத் திரும்பியும் பார்க்காமல், பல்பு எரியும்வரை கம்பியை மாற்றி மாற்றிச் செருகினார்கள். ஆட்டம் பிடித்திருந்தது, பாடம் ஏறவில்லை. அதனால் அடுத்த தவணையில் விதி மாறியது: எத்தனை ஆம்பியர் ஓடும் என்று முன்கூட்டிக் கணக்கிட்டால்தான் சுவிட்சைப் போட முடியும். எழுத்தில் போட்ட திட்டத்தையே பிடித்துத் தொங்கியிருந்தால் பருவம் முடிந்த பிறகுதான் இது தெரிந்திருக்கும். திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு இசைவது மேல் என்று சிறுசிறு பகுதிகளாக மென்பொருள் செய்யும் ‘அஜைல்’ முறைக்காக 2001இல் வந்த அறிக்கை சொல்வதும் இதைத்தானே?

> தவணை என்றால் கடன்காரன் ஞாபகம்தான் வருகிறது.

வரட்டுமே, கெடு மறக்காது! இலங்கையில் இது வகுப்பறைச் சொல்லும்கூட: முதலாம் தவணை, இரண்டாம் தவணைப் பரீட்சை. வில்லங்கமும் அங்கேதான். இரண்டு வார வேலையை நாம் தவணை என்றால், அவர்கள் முழுப் பருவம் என்று எடுத்துக்கொள்ளலாம். தேவைப்படும் இடத்தில் ‘பணித்தவணை’ என்று எழுதலாம் என்பது என் யோசனை.

கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: தவணை இலக்கு, தவணைத் திட்டமிடல், தவணை மீள்நோக்கு (முடிந்த தவணையைத் திரும்பிப் பார்ப்பது). ‘குறுவோட்ட மீள்நோக்கு’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அஜைலுக்குத் ‘தகவெளிமை’ புழக்கத்தில் இருக்கிறது, அதை இப்போது கிளற வேண்டாம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் ‘பணித்தவணை’ குழப்புமா என்று மட்டும் சொல்லுங்கள்.