கடாரம் வீழ்ந்தது சோழன் அடித்த அடியிலா?

மெர்போக் மைந்தன்:
பள்ளி விடுமுறையில் மகனை கெடாவில், அதாவது அந்தக் காலக் கடாரத்தில், இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனேன். புக்கிட் பத்து பஹாட் சண்டியின் (பழைய கோயிலின்) மண்டபத்தில் தூண்களுக்கான கல் பீடங்கள் வரிசையாக இருக்கின்றன. மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு பீடத்தைத் தடவிக்கொண்டே "தூண் எங்கேப்பா?" என்றான். மரம் மக்கிவிட்டது, கல் நின்றுவிட்டது என்றேன்.

என் கட்சி இதுதான். ஏழாம் நூற்றாண்டிலிருந்து மலாக்கா நீரிணையைக் கையில் வைத்திருந்த சுமத்ராவின் கடல் பேரரசான ஸ்ரீவிஜயத்தின் முதுகெலும்பை 1025ல் ராஜேந்திர சோழன் முறித்தான். அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். ஒரே படையெடுப்பில் கடாரம், பண்ணை, இலங்காசோகம், மாதமாலிங்கம் என்று பத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் அடி வாங்கின. பேரரசுகள் தானாகச் சாவதில்லை, எவனோ ஒருவன் அடிக்கிறான். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி, பெருமை எனக்கும் உண்டு. ஆனால் முதுகெலும்பு முறிந்தவன் 65 வருஷம் கழித்துத் தூது அனுப்புவானா? 1006 வாக்கில் நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் (ஸ்ரீவிஜய அரசனைச் சோழர்கள் அப்படித்தான் அழைத்தார்கள்) எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அதே விகாரத்துக்காக 1090ல் கடாரத்துத் தூதர்கள் வந்து கேட்க, முதலாம் குலோத்துங்கன் உரிமைகளை உறுதிசெய்து கொடுத்தான். சின்ன லெய்டன் செப்பேடு அதைத்தான் சொல்கிறது. 1178ல் ஒரு சீன அதிகாரி செல்வம் மிகுந்த நாடுகளை வரிசைப்படுத்தியபோது அரபு நாட்டை முதலிலும் ஜாவாவை இரண்டாவதாகவும் வைத்தார். மூன்றாவது இடம் ஸ்ரீவிஜயத்துக்கு. அடி விழுந்து 153 வருஷம் ஆகியும் மூன்றாம் இடம்!

ஆனால் ஜாவா முந்திவிட்டதைப் பாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. சீன வணிகர்கள் சொந்தக் கப்பலில் தெற்குக் கடலுக்கு வரத் தொடங்கியதும், நடுவில் நின்று சுங்கம் வாங்கிய துறைமுகத்துக்கு வேலை குறைந்தது. கிளைத் துறைமுகங்களும் நேராகவே வியாபாரம் பேச ஆரம்பித்தன. ஸ்ரீவிஜயத்தைக் கரைத்தது அதுதான்.

செந்தூல் வாசகன்:
அக்கா சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. உள்ளே கரைந்தது என்கிறோமே, அந்தக் கரைசலுக்கே பல நேரம் வெளியடிதான் காரணம். ரோமைப் பாருங்கள். 476ல் கடைசி மேற்குப் பேரரசன் இறக்கப்பட்டதைத்தான் எல்லாரும் மனப்பாடம் செய்கிறோம். எனக்கு 439தான் முக்கியம். அந்த வருஷம் வண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜைப் பிடித்தார்கள். வட ஆப்பிரிக்காவின் தானியமும் வரியும் போயின. வரி இல்லாவிட்டால் படைக்குச் சம்பளம் ஏது? 37 வருஷத்தில் கதை முடிந்தது. யாரோ ஒருவன் மடியில் கை வைத்ததால்தான் உள்ளே பட்டினி வந்தது.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அப்படியென்றால் மலாக்காவுக்கு என்ன சொல்கிறீர்கள்? 1511ல் போர்த்துக்கீசியர் கோட்டையைப் பிடித்தார்கள். வியாபாரம் அவர்கள் கையில் நின்றதா? முஸ்லிம் வணிகர்கள் பலர் அச்சேவுக்கும் மற்றத் துறைமுகங்களுக்கும் மாறிவிட்டார்கள். கோட்டையைப் பிடிக்கலாம், கப்பல்காரன் மனசைப் பிடிக்க முடியாது.

ஜெலுத்தோங்:
இரண்டு பேரும் கப்பலையும் வரியையும் பேசுகிறீர்கள். நம்ம ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். 1941 டிசம்பர் 11ல் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. சனம் ஓடி ஒளியாமல் தெருவில் நின்று விமானங்களை அண்ணாந்து பார்த்தது. வெள்ளைக்காரன் காப்பாற்றுவான் என்ற நம்பிக்கை. சில நாளில் வெள்ளைக்காரர்களை மட்டும் கமுக்கமாகத் தீவை விட்டு அனுப்பினார்கள். இங்கே இருந்த ஆசியர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அதை இறக்கியவர் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர். அடிக்க வந்தவனுமில்லை, ஆண்டவனுமில்லை, நட்டாற்றில் விடப்பட்ட ஊர்க்காரர் ஒருவர் இறக்கினார்.

என் பாட்டியின் ட்ரங்குப் பெட்டியில் ஜப்பான்காரன் அடித்த பத்து டாலர் நோட்டு ஒன்று இருக்கிறது. வாழைமரப் படம், மடித்த இடத்தில் கிழிசல். அரிசி வாங்கவும் உதவாத தாள். அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பாட்டி ஜப்பானை ஏசமாட்டார், "தொரை போயிட்டான்" என்பார். அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு பிரிட்டிஷ் பேரரசின் முடிவு இருக்கிறது.

செந்தூல் வாசகன்:
ஆனால் அண்ணே, 1945 செப்டம்பரில் தொரை திரும்பி வந்தானே?

ஜெலுத்தோங்:
வந்தான். வந்தவனை யாரும் பழைய கண்ணால் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டே வருஷம், 1957ல் மலாயா சுதந்திரம். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளில் போய் "வெள்ளைக்காரன் பாதுகாப்பு" என்று சொல்லிப் பாருங்கள்.

மெர்போக் மைந்தன்:
அண்ணே, இதைப் படித்துவிட்டு ராஜேந்திரனின் வெற்றிகளைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பெருநிதி, கரி (யானை), விச்சாதிரத் தோரணம் (நகர வாசல் வளைவு) என்று கொண்டுவந்ததெல்லாம் வரிசையாக இருக்கிறது. கடாரத்தில் யாரை ஆள வைத்தான் என்று ஒரு வரி இல்லை. அந்த இடத்தில் அக்காவிடம் தோற்றேன். ஆனால் அரசனையே பிடித்துக்கொண்டு போன பிறகு, கிளைத் துறைமுகங்கள் "இனி இவனுக்கு எதற்குத் திறை கட்டணும்" என்று நினைத்திருக்காதா? உங்கள் பாட்டி சொன்ன சொல்லை அன்றைக்குக் கடாரத்திலும் ஒருத்தி சொல்லியிருப்பாள். அந்த மட்டில் 1025ஐ நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
அது நியாயமான கேள்வி, தம்பி. பாருஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் படியுங்கள். சுமத்ராவில் நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழு தங்களுக்குள் விதி போட்டுக்கொண்டு நிற்கிறது. ஸ்ரீவிஜயத்தின் முற்றத்திலேயே! அதை வைத்து நாளைக்குப் பேசுவோம்.