2025 தீபாவளி போனஸைப் போட்டு ஏற்றுமதிப் பங்குகளை ஆவரேஜ் பண்ணலாமா?

நொய்யல்கரை:

வணக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் கம்பெனி பங்குச் சந்தையில் இல்லை. என் மனைவி வேறொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்.

2025 ஏப்ரல் 2ஆம் தேதி டிரம்ப், எந்த நாட்டுச் சரக்குக்கு அமெரிக்காவில் எவ்வளவு இறக்குமதி வரி என்ற அந்தப் பலகையைத் தூக்கிக் காட்டினார் அல்லவா? வியட்நாம் 46, இலங்கை 44, வங்கதேசம் 37, நமக்கு 26 சதவீதம். மறுநாள் காலை டீ நேரத்தில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, இனி ஆர்டர் எல்லாம் நமக்குத்தான் என்று. எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த வாரமே ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் மூன்று கம்பெனிகளின் பங்குகளை வாங்கினேன். ஜூனில் இன்னும் கொஞ்சம். மொத்தம் 3,20,000 ரூபாய். அதில் சீட்டு எடுத்த பணமும் இருக்கிறது.

இன்று அதன் மதிப்பு 2,25,000. ஆகஸ்ட் 27ஆம் தேதி வரி 50 சதவீதம் ஆனதில் இருந்து எங்கள் பேக்கிங் பக்கம் போகவே மனசு வரவில்லை. டாலர் விலை டேக் கட்டிய பெட்டிகள் அயர்ன் டேபிளுக்குப் பின்னால் கூரை வரை அடுக்கிக் கிடக்கின்றன. ஒன்றரை ஷிப்ட் ஓடிய லைன்கள் ஒரு ஷிப்டோடு நிற்கின்றன.

தீபாவளி போனஸ் 60,000 வரும். அதையும் இதே பங்குகளில் போட்டு ஆவரேஜ் பண்ணலாம், அதாவது இறங்கிய விலையில் இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கலாம் என்று நினைக்கிறேன். தொழிலுக்குள்ளேயே இருப்பதால் நிலைமை மாறினால் முதலில் தெரியப்போவது எனக்குத்தான். மச்சானோ, நிஃப்டி குறியீடு ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டி, வாராவாரம் செவ்வாய்க்கிழமை எக்ஸ்பயரியில் கணக்கு முடியும் நிஃப்டி ஆப்ஷன் பண்ணினால் இரண்டே மாதத்தில் நஷ்டத்தை எடுத்துவிடலாம் என்கிறான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரூர் தறி:

நானும் அதே படகுதான். எங்களுடையது வீட்டு உபயோகத் துணி, பாதிக்கு மேல் அமெரிக்கா. ஆனால் இந்த 50 சதவீதம் நிற்காது. அதில் 25 நாம் ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காகப் போட்டது, பேசினால் போய்விடும். பிரிட்டனோடு ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, நடைமுறைக்கு வந்ததும் அங்கே நம் துணிக்கு வரியே இல்லை. எல்லாரும் பயந்து விற்கும்போதுதான் வாங்க வேண்டும். நான் போன வாரம்கூட வாங்கினேன். தைரியமாகப் போடுங்கள்.

பழைய பஞ்சுக்காரன்:

தம்பி, கோவைப் பக்கம் ஒரு நூல் மில்லில் 31 வருடம் பஞ்சு கொள்முதல் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தொழிலுக்குள் இருப்பதால் முதலில் எனக்குத்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் மனசு பதறிவிட்டது. இதே எண்ணத்தில்தான் 2022இல் என் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை இழந்தேன்.

2021 முழுக்கப் பஞ்சு ஏறிக்கொண்டே போனது. பழைய விலைக்கு வாங்கிய பேல்கள், அதாவது பஞ்சுப் பொதிகள், குடோனில் இருந்தன, நூல் புது விலைக்குப் போனது. மில்லுக்கு எவ்வளவு நிற்கும் என்று என் கொள்முதல் நோட்டிலேயே தெரிந்தது. எங்கள் மில் போலவே மற்ற மில்களும் இருக்கும் என்று 2022 பிப்ரவரியில் இரண்டு நூற்பு மில் பங்குகளை வாங்கினேன். ஏப்ரலில் அரசு பஞ்சு இறக்குமதி வரியை எடுத்தது. மே மாதம் ஒரு கேண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாய் வரை போனது, நூல் விலை தாங்காமல் உங்கள் திருப்பூரிலேயே கதவடைப்பு நடந்தது. அதன் பிறகு இறங்கின இறக்கத்தில், உச்ச விலைக்கு வாங்கிய பேல்கள்தான் எல்லா மில்லிலும் மிச்சம். என் பங்குகள் அதற்கெல்லாம் முன்பே இறங்கத் தொடங்கியிருந்தன. நான் 40 சதவீத நஷ்டத்தில் வெளியே வந்தேன். பேலில் இருந்து ஒரு பிடி எடுத்து, இரண்டு கட்டை விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்த்தே இழை எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வேன். நான் குடோனில் கண்ட லாபத்தை எனக்கு மூன்று மாதம் முன்பே வேறு யாரோ கணக்குப் போட்டு வாங்கி முடித்திருந்தார்கள்.

உங்கள் ஏப்ரல் கணக்கைப் பாருங்கள். அன்றைக்கு அது தப்பில்லை. ஆனால் ஜூலைக் கடைசியில் வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் இலங்கைக்கும் 20 ஆனது, பாகிஸ்தானுக்கு 19. நமக்கு ஆகஸ்டில் 50. 4 டாலர் பருத்தி டி ஷர்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான இறக்குமதி வரி 16.5 சதவீதம். அதோடு இந்த 50ஐச் சேர்த்தால் நம் சட்டைக்கு 2.66 டாலர் வரி, வங்கதேசச் சட்டைக்கு 1.46. ஒரு சட்டைக்கு 1.20 டாலர் வித்தியாசம். 2025 டிசம்பர் 31 வரை பஞ்சுக்கு 11 சதவீத இறக்குமதி வரியை நீக்கியிருக்கிறார்கள், நல்ல காரியம்தான், ஆனால் நூலில் கிலோவுக்குச் சில ரூபாய் குறைவதால் இந்த 1.20 டாலரை மூட முடியாது. இது தொழில் திறமையால் சரியாகிற விஷயமும் இல்லை. வாஷிங்டனில் ஒருவர் என்றைக்கு என்ன அறிவிப்பார் என்பதற்கு எந்த சார்ட்டும் கிடையாது.

கரூர் நண்பர் சொல்வது போல வரி குறையலாம். குறைய வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் குறைந்தால் உங்கள் கையில் இருக்கும் 2,25,000 ரூபாய்ப் பங்கே ஏறும், உங்கள் இரண்டு பேர் வேலையும் நிலைக்கும், லைன் மறுபடி ஒன்றரை ஷிப்ட் ஓடும். அந்த நல்ல காலத்துக்கு இந்த 60,000 தேவையே இல்லை. குறையாமல் போனால்? உங்கள் சம்பளம், உங்கள் வீட்டம்மா சம்பளம், பங்கு மூன்றும் ஒரே நேரத்தில் அடிபடும். அப்போது வாடகை கட்டப் போவது இந்த போனஸ்தான். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆவரேஜ் கணக்கும் சொல்லிவிடுகிறேன். இப்போது அசல் திரும்ப 42 சதவீதம் ஏற வேண்டும். போனஸையும் போட்டால் 33 சதவீதம். அந்த 9 சதவீத ஆறுதலுக்காக வீட்டில் இருக்கும் கடைசிப் பணத்தையும் அதே பெட்டிக்குள் வைக்கிறீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்று கம்பெனிகளின் ஆண்டறிக்கையையும் எடுத்து வைத்து உட்காருவேன். வருமானத்தில் அமெரிக்கா எவ்வளவு, ஐரோப்பா எவ்வளவு, உள்நாடு எவ்வளவு என்று அதில் பெரும்பாலும் இருக்கும். எது அமெரிக்காவையே நம்பியிருக்கிறதோ அதை விற்றுவிடுவேன். ஐரோப்பா, உள்நாடு இருப்பதை வைத்துக்கொள்வேன். செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், முன்பு 1,000 வரைதான் அந்தச் சலுகை. உள்ளூர் விற்பனை உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் கை கொடுக்கும்.

மச்சான் சொல்வதை மட்டும் தயவு செய்து கேட்காதீர்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 ஜூலையில் வெளியிட்ட கணக்குப்படி 2024-25இல் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) செய்த தனிநபர்களில் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம். எல்லாருடையதையும் சேர்த்து 1,05,603 கோடி ரூபாய். வார எக்ஸ்பயரியையே அடியோடு நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒன்று என்று 2024 நவம்பரில் குறைத்தார்கள், அது போதவில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு பையன்கள் அம்மா நகையை வைத்து ஆடியிருக்கிறார்கள். ஒருவன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

கணக்குப்பிள்ளை:

வரி விஷயம் மட்டும். ஏப்ரல், ஜூனில் வாங்கியதை இப்போது நஷ்டத்தில் விற்றால் அது குறுகிய கால மூலதன நஷ்டம். வேறு பங்கில் இந்த வருடம் வரும் லாபத்தில், குறுகிய காலமானாலும் நீண்ட காலமானாலும், கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தை 8 வருடம் கொண்டுபோகலாம், ஆனால் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். விற்ற அன்றே அதே பங்கைத் திரும்ப வாங்காதீர்கள், ஒரே நாளில் வாங்கி விற்கும் இன்ட்ரா டே கணக்காகிவிடும்.

ஆப்ஷன் நஷ்டம் வியாபார நஷ்டம். அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வியாபார வருமானம் உள்ளவர்களுக்கான ஐ.டி.ஆர். 3 என்ற ரிட்டர்ன் படிவம் போட வேண்டிவரும், அதற்கு ஆடிட்டர் கட்டணம் தனி.

நொய்யல்கரை:

பஞ்சுக்கார ஐயாவுக்கு ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பங்கில் எவ்வளவு போட்டிருக்கிறேன் என்று முழுத் தொகையை அவளிடம் சொன்னது நேற்றுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவள் கம்பெனியில் அடுத்த வாரத்தில் இருந்து சனிக்கிழமை லீவு என்று சொன்னாள். அதை அவளும் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

ஆண்டறிக்கைகளைப் பார்த்தேன். மூன்றில் ஒன்றுக்கு வருமானத்தில் பெரும்பகுதி அமெரிக்காதான். இன்று காலை அதை விற்றுவிட்டேன், கையில் 82,000 வந்தது. மற்ற இரண்டும் இருக்கட்டும். போனஸ் அவள் கணக்கில் போகும், பையனுக்கு ஜனவரியில் மூன்றாம் டெர்ம் கட்ட வேண்டும். இந்த 82,000ஐ என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சீட்டுத் தவணை இன்னும் 9 இருக்கிறது, மாதம் 8,500.

பழைய பஞ்சுக்காரன்:

9 தவணைக்கு 76,500. அந்தப் பணத்தைத் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு, சீட்டுத் தேதிக்கு முந்தின நாள் எடுத்துக் கட்டிக்கொண்டே வாருங்கள் தம்பி. சம்பளத்தைத் தொடாதீர்கள். அந்தக் கணக்கை ஃபோனில் டிரேடிங் ஆப்போடு மட்டும் இணைக்க வேண்டாம். மற்ற இரண்டு கம்பெனிகளின் செப்டம்பர் காலாண்டு முடிவு நவம்பர் பாதிக்குள் வந்துவிடும், வந்ததும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.