உணவுத் தட்டுடன் இடம் தேடும் அந்த அரை நிமிடம்

பிறைவாசி:
பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஈராண்டுகளாக வேலை செய்கிறேன். மதிய இடைவேளையில் தட்டுடன் நின்று எந்த மேசையில் அமர்வது என்று தேடும் அந்த அரை நிமிடத்திலேயே கை நடுங்கத் தொடங்கிவிடுவதால், சோற்றைக் கட்டிக்கொண்டு போய்க் காரிலேயே சாப்பிடுகிறேன். கடையில் சொல்லவேண்டிய மலாய் வாக்கியத்தை வரிசையில் நிற்கும்போதே மூன்று முறை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தாலும், என் முறை வந்ததும் குரல் கம்மிவிடுகிறது. சென்ற தீபாவளியன்று பெரியம்மா வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பில் பாதி நேரம் பாத்திரம் கழுவியே கழித்தேன். பொறுப்பான பெண் என்று எல்லாரும் பாராட்டினார்கள்! இது வெறும் கூச்சமா, மருத்துவரைப் பார்க்க வேண்டியதா?

செந்தூல்காரன்:
தங்கச்சி, நான் கல்யாணப் பந்திகளில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டே பல ஆண்டுகள் தப்பித்தவன். வாளியுடன் ஓடுபவனை யாரும் நிறுத்திப் பேசுவதில்லை. எனக்குச் சிகிச்சையளித்த உளவியலாளர் இவற்றைப் 'பாதுகாப்புச் செயல்கள்' என்றார். உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் விளக்கியபடி, அஞ்சியது நடக்காமற்போனாலும் 'ஒத்திகை பார்த்ததால்தான் தப்பித்தேன்' என்று மனம் அந்த உத்திக்கே பெருமை சேர்த்துவிடுவதால், அச்சம் பொய் என்பதை அது கற்றுக்கொள்வதே இல்லை. அதோடு கவனம் முழுவதும் நம் நடுக்கத்தின்மீதே குவிந்திருப்பதால், எதிரில் இருப்பவர் முகத்தைக்கூட நாம் சரியாகப் பார்ப்பதில்லை. நான் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) ஒத்திகையின்றி ஆர்டர் கொடுத்துவிட்டு, ரொட்டி சானாய் வீசுபவரின் கையைக் கவனிப்பதில் தொடங்கினேன். முதல் வாரம் படுமோசம். வாளியைக் கீழே வைக்க எனக்கு ஓராண்டுக்கும் மேலானது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:
கூச்ச சுபாவத்தையெல்லாம் நோயாக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அச்சம் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையையும் வேலையையும் குறுக்கினால் மருத்துவர்கள் அதைச் சமூகப் பதற்றக் கோளாறாகக் கருதுவர். ஈராண்டுகளாகக் காரில் சாப்பிடுவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான் (ரிங்கிட்). தேவையெனில் அங்கிருந்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையோ, பலன் தெரியச் சில வாரங்களாகும் செர்ட்ராலின் போன்ற மாத்திரையோ, இரண்டுமோ பரிந்துரைக்கப்படலாம். மருத்துவரிடம் பேசுவதே பயமாக இருக்குமாதலால், இங்கே எழுதியதைத் தாளில் எழுதி நீட்டிவிடுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

பிறைவாசி:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவே எழுத உட்கார்ந்தேன், இரண்டு பக்கம் தாண்டிவிட்டது. தமிழிலேயே கொடுக்கலாமா அக்கா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:
அன்று எந்த மருத்துவர் இருப்பார் என்று முன்கூட்டித் தெரியாதம்மா. மலாயிலோ ஆங்கிலத்திலோ அரைப் பக்கமாகச் சுருக்குங்கள். காரில் சாப்பிடுவதை மட்டும் விட்டுவிடாமல் முதல் வரியிலேயே எழுதுங்கள்.