போஸ்ட்டாக் வந்த புதுசுல மென்டார்கிட்ட எதைக் கேக்கணும்?

மன்னார்குடித் தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: "அக்கா, அமெரிக்காவுல மனநல ஏற்றத்தாழ்வு ஆய்வுக்கு போஸ்ட்டாக் சேர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு. மென்டார் நல்லவர்தான். ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும்னே தெரியல." போஸ்ட்டாக்னா பிஎச்.டி. முடிச்சப்புறம் மென்டார்ங்கற மூத்த ஆய்வாளர் வழிகாட்டுதல்ல செய்ற ஆய்வு வேலை. மனநல ஏற்றத்தாழ்வுன்னா எந்த மக்களுக்கு மனநலப் பிரச்சினை அதிகம், யாருக்குச் சிகிச்சை எட்டலைங்கற வித்தியாசம். லீவுக்குத் திருவிடைமருதூர் வந்திருக்கேன். திண்ணையில உட்கார்ந்து நிதானமா எழுதறேன்.

முதல்ல வாயைத் திறந்து கேளுங்கம்மா. நம்ம பக்கம் கைடு எது சொன்னாலும் "சரிங்க சார்"ங்கறதுதான் மரியாதை. அங்க தலையாட்டினா சம்மதம்னு எடுத்துப்பாங்க. முதல் வருஷம் ஒரு கட்டுரைக்காக ஆறு மாசம் டேட்டா சுத்தம் பண்ணிக் கொடுத்தேன். பேர் வந்தது நாலாவதா. ஏன்னு கேட்டப்ப, "முதல் இடம் வேணும்னு நீ சொல்லவே இல்லையே"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன். அதுக்கப்புறம் எந்த வேலையும் தொடங்குறதுக்கு முன்னாடியே பேர் வரிசையைப் பேசி, அன்னிக்கே மெயில் போட்டுடறேன். நீங்களும் அதைச் செய்ங்க.

சம்பளம் எந்த மானியத்துலேர்ந்து வருது, எந்த மாசம் வரைக்கும் இருக்குன்னும் கேட்டுடுங்க. 2025-ல ஏற்றத்தாழ்வு ஆய்வுக்கு என்.ஐ.எச். (அமெரிக்க அரசோட மருத்துவ ஆய்வு அமைப்பு) கொடுத்த மானியங்கள் பலது பாதியிலயே ரத்தாச்சு. இதைக் கேக்கறதுல கூச்சமே வேண்டாம்.

ஒருத்தரையே எல்லாத்துக்கும் நம்பி இருக்காதீங்க. புள்ளியியலுக்கு ஒருத்தர், நீங்க ஆய்வு பண்ற சமூகத்தோட பல வருஷம் பழகினவர் ஒருத்தர், உங்க மென்டார் மேலயே குறை இருந்தாலும் மனசுவிட்டுப் பேச வேற துறையில ஒருத்தர். மூணாவது ஆளைத்தான் நம்ம ஆளுங்க தேடறதே இல்ல. எனக்கு அவங்கதான் ரொம்ப உதவினாங்க.

நம்ம ஊர் அனுபவம் அங்க எதுக்கு உதவப் போவுதுன்னு ஒதுக்கிடாதீங்க. எம்.ஃபில் படிக்கறப்ப வலங்கைமான் பக்கம் பி.எச்.கியூ-9 எடுத்துக்கிட்டு வீடு வீடா போனேன். போன ரெண்டு வாரத்துல மனச்சோர்வு எப்படி இருந்துச்சுன்னு பாக்கற 9 கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். நடவு முடிஞ்சு கரையேறின ஒரு அம்மா, காலெல்லாம் சேறு, வரப்புல உட்கார்ந்து பதில் சொன்னாங்க. பசி எப்படி இருக்குன்னு கேட்டேன். "சாப்பாடு இல்லாததைக் கேக்குறியா, இருந்தும் இறங்காததைக் கேக்குறியா?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்ல. அடுத்த தெருவுல ஒரு பெரியவர்கிட்ட தூக்கத்தைப் பத்திக் கேட்டேன். "முறைத் தண்ணி ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா மடைக்குப் போவணும். இதுல எங்க தூங்கறது?"ன்னார். வறுமைக்கும் வேலை நேரத்துக்கும் விழற மதிப்பெண்ணை நோய்னு எழுதிட்டா, நாம அளக்கறதே தப்பாப் போயிடும்.

ரெண்டு வருஷம் கழிச்சு அங்க ஒரு குழுக் கூட்டத்துல பயந்துக்கிட்டே இதைச் சொன்னேன். மென்டார் பேனாவைக் கீழ வச்சுட்டுக் கேட்டார். ராத்திரி ஷிஃப்ட் பாக்கற கிடங்குத் தொழிலாளர்கள்கிட்ட நாங்க எடுத்த ஆய்வுலயும் அதே சிக்கல்தான் இருந்துச்சு. கேள்வியை அவங்க எப்படிப் புரிஞ்சுக்கறாங்கன்னு முதல்ல இருபது பேர்கிட்ட உட்கார்ந்து பேசிட்டுத்தான் படிவத்தையே கையில எடுத்தோம்.

டெல்டாவுல டேட்டா எடுக்கற யோசனை இருந்தா, வெளிநாட்டுப் பணத்துல நடக்கற ஆய்வுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வழியா சுகாதார அமைச்சகத்தோட பரிசீலனைக் குழு அனுமதி வேணும். இங்க இருக்கற நெறிமுறைக் குழு அனுமதி தனி. ரெண்டுக்கும் நாள் பிடிக்கும்.

இனி மானியம். என்.ஐ.எச். தர்ற எஃப்32, கே01, கே23ங்கற மானியங்கள் எல்லாம் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கறவங்களுக்கு. நமக்குத் திறந்திருக்கற கதவு கே99/ஆர்00ங்கற என்.ஐ.எச். மானியம். மென்டார் துணையோட 2 வருஷம் வரை, அப்புறம் சொந்தமா 3 வருஷம் வரை. ஆனா போஸ்ட்டாக் அனுபவம் 4 வருஷத்தைத் தாண்டிடக் கூடாது. புது விண்ணப்பத்துக்கு வழக்கமான கடைசி நாள் பிப்ரவரி 12, ஜூன் 12, அக்டோபர் 12. ஜூன் 12 மேட்டூர் திறக்கற தேதி, நமக்கு மறக்காது. குறைஞ்சது 3 பேர் சிபாரிசுக் கடிதம் தரணும், அதனால மாசிலயே கேட்டு வச்சிடுங்க.

தங்கச்சி, பிஎச்.டி. முடிச்ச தேதியும் போஸ்ட்டாக் சேர்ந்த தேதியும் எழுதுங்க. உங்களுக்கு எத்தனை வாய்ப்பு இருக்குன்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்.