கோதுமையும் சிவப்புச் சோளமும் சேர்த்த ஸ்டார்ட்டர்: எச்சம் ஒட்டுகிறது, எடை ஏறவில்லை

கேள்வி:
பிராய்லர் ஸ்டார்ட்டரில் (கறிக்கோழிக் குஞ்சுகளின் முதல் கட்டத் தீவனம்) மக்காச்சோளத்தைக் குறைத்து கோதுமை 25%, சிவப்புச் சோளம் 15%. புரதமும் எரிசக்தியும் கணக்குப்படி சரி. ஆனால் இரண்டாவது வாரத்தில் எச்சம் பிசுபிசுவென்று பின்புற இறகில் அப்பிக் காய்கிறது, தரையில் பரப்பிய கூளம் நனைகிறது, எடை பின்தங்குகிறது. ஃபைட்டேஸ் (தானியத்தில் ஃபைட்டேட்டாகக் கட்டுண்ட பாஸ்பரஸை விடுவிக்கும் நொதி) தீவனம் கிலோவுக்கு 500 யூனிட் போகிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

பதில் 1:
முதலில் ரத்தக்கழிச்சல் இல்லை, தீவனத்தில் உப்பு கூடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால் கோதுமைதான். அதில் இருக்கும் அராபினோசைலன் என்ற நார்ப்பொருள் குடலில் தண்ணீரோடு சேர்ந்து கூழாகிவிடும். கூழுக்குள் பித்தநீரும் செரிமான நொதிகளும் கொழுப்போடு கலக்க முடியாது. அதனால் முதலில் அடிபடுவது கொழுப்புச் செரிமானம். பாமாயில், விலங்குக் கொழுப்பு போட்டிருந்தால் இன்னும் மோசம், சோயா எண்ணெயில் பாதிப்பு குறைவு. தீவனம் குடலில் தேங்குவதால் கீழ்க்குடலில் கிருமிகள் பெருகி, குடல் அழுகல் நோய்க்கும் வழி விடும்.

ஃபைட்டேஸ் இதைத் தொடாது. தேவை அராபினோசைலனை உடைக்கும் சைலனேஸ் நொதி. பார்லி, ஓட்ஸ் என்றால் பீட்டா குளுக்கனேஸ். புதிதாக அறுத்த கோதுமையில் பிசுபிசுப்பு கூடுதலாக வரலாம், கொஞ்ச காலம் இருப்பு வைத்தது நல்லது. வயது கூடக்கூட கோழி தாங்கும். அதனால் ஸ்டார்ட்டரில் கோதுமையை 10%க்குள் வைத்து, ஃபினிஷரில் (கடைசிக் கட்டத் தீவனம்) ஏற்றுங்கள்.

பதில் 2:
சிவப்புச் சோளத்தையும் சோதிக்காமல் விட்டுவிடாதீர்கள். சிவப்பாக இருப்பதாலேயே டானின் (துவர்ப்புப் பொருள்) அதிகம் என்று சொல்ல முடியாது. டானின் இருப்பது மேல்தோலுக்கு அடியில் உள்ள நிற அடுக்கில். சோதனை எளிது: 3.5% சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 100 மில்லியில் 5 கிராம் காஸ்டிக் சோடா கரைத்து, முழு மணிகள் மூழ்கும் அளவு ஊற்றி, அறை வெப்பத்தில் 20 நிமிடம். கையுறை கட்டாயம். கழுவித் துடைத்துப் பார்த்தால், டானின் உள்ள மணி முழுக்கக் கறுத்திருக்கும், இல்லாதது வெளுத்திருக்கும். ஒப்பிட, டானின் இல்லையென்று தெரிந்த வெள்ளைச் சோளத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

டானின் புரதத்தையும் செரிமான நொதிகளையும் பிடித்துக்கொள்ளும். கணக்கில் காட்டும் புரதம் எச்சத்தில் போய்விடும். கால் வளைவதும் உண்டு. கறுக்கும் மணிகள் கணிசமாக இருந்தால் அந்தச் சரக்கைக் குஞ்சுத் தீவனத்திலிருந்து எடுத்துவிடுவதே சரி. மெத்தியோனைன் கூட்டினால் பாதிதான் ஈடாகும்.

கேள்வி கேட்டவர்:
ஃபைட்டேஸ் போட்டதால் டன்னுக்கு 5.5 கிலோ டிசிபி (பாஸ்பரஸும் கால்சியமும் தரும் டைகால்சியம் பாஸ்பேட்) குறைத்து, அந்த இடத்தில் சுண்ணாம்புத்தூள் போட்டோம். பெல்லட் கண்டிஷனரில் (குருணையாக அழுத்தும் முன் தீவனத்தை நீராவியில் சூடாக்கும் பகுதி) 88 டிகிரி செல்சியஸ்.

பதில் 3:
இரண்டுமே இடிக்கிறது. 18% பாஸ்பரஸ் உள்ள டிசிபி 5.5 கிலோ எடுத்தால் பாஸ்பரஸ் 0.10% குறையும். அதோடு கால்சியமும் சுமார் 0.13% குறையும். அது குறையத்தான் வேண்டும். ஃபைட்டேஸ் பிரித்துவிடும் கால்சியம் அதை ஈடுகட்டும். நீங்கள் போட்ட 5.5 கிலோ சுண்ணாம்போ 0.2% கால்சியத்தைக் கூட்டுகிறது. மிகுதிக் கால்சியம் ஃபைட்டேட்டோடு சேர்ந்து கரையாமல் உறைந்தால், ஃபைட்டேஸுக்கு அது எட்டாது. அந்த 5.5 கிலோ சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தை மக்காச்சோளத்தால் நிரப்புங்கள்.

88 டிகிரியில் வெப்பம் தாங்கும் பூச்சு இல்லாத நொதி பெரும்பாலும் செத்துவிடும். பாக்கெட்டில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பாருங்கள். இல்லையென்றால் வெப்பத்தை 80க்குக் கீழே இறக்குங்கள், அல்லது பெல்லட் ஆறிய பிறகு திரவ நொதியைத் தெளியுங்கள். டன்னுக்கு 100 கிராம் போன்ற சிறிய அளவு நொதித்தூளை நேரடியாக மிக்சரில் கொட்டாமல், 5 கிலோ அரைத்த மக்காச்சோளத்தில் கலந்து, பிறகு 25 கிலோவாக்கிச் சேருங்கள்.