வைகை முகத்துவாரத்தை நடந்து கடக்க முடியுமா?

வணக்கம் நண்பர்களே. கோடியக்கரையிலிருந்து கடலை ஒட்டியே நடந்து நேற்று தேவிபட்டினம் சேர்ந்தேன். காரங்காட்டு அலையாத்திக் காட்டுப் பக்கம் முழங்கால் சேறு, ஒவ்வொரு காலையும் பிடுங்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் அதிலேயே போய்விட்டது. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் முடிக்க வேண்டும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பிவிட்டால் இந்தக் கரையில் நடப்பது சிரமம்.

ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் வைகை கடலில் சேரும் இடம் இப்போது மணல் மூடிக் கிடக்கிறதா, வள்ளத்தில்தான் போகணுமா? மேற்கே மழை பெய்து தண்ணீர் வந்திருந்தால் தனியாக இறங்க எனக்குத் துணிவில்லை. அங்கே தொழில் பார்க்கும் அண்ணன்மார் யாராவது சொன்னால் பெரிய உதவி.

அங்கிருந்து மண்டபம் வரை குடிதண்ணீர் எங்கெங்கே கிடைக்கும்? பாம்பன் பாலம் ஏறிவிட்டால் கவலையில்லை. நாளை விடியும் வரை இங்கேதான் இருப்பேன்.